தகுதியும் சட்டநெறியும்: உயர்பதவிக்கு ஆள் தெரியும் முறை

(தெல்தெனியவில் தமிழ் பேசும் மக்கள் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)





இன்று நாம் கூடியிருக்கும் இந்தத் தெல்தெனிய நம் பாட்டன்மார் அறிந்த தெல்தெனிய அன்று. அந்த ஊர் நீருக்கடியில் கிடக்கின்றது. 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரமும் அதன் வயல்களும் கடைத்தெருவும் கைவிடப்பட்டன. மேட்டு நிலத்தில் புதிய நகரம் எழுந்தது. நீர் வற்றும் கோடையில் பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு குடும்பம் தன் நிலத்தை இழந்து வேறிடம் பெயரும்போது அதன் கதியை நிருணயிப்பவர் யார்? பாராளுமன்றத்திலே சட்டம் இயற்றியவர் மட்டுமல்லர். நிலத்தை அளந்த அளவையாளர், மதிப்பீடு எழுதிய உத்தியோகத்தர், பெயர்ப் பட்டியல் தயாரித்த இலிகிதர் ஆகிய இவர்களின் பேனா முனையிலேதான் அந்தக் குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் தங்கி நின்றன. அந்தப் பேனா நேர்மையானவன் கையில் இருந்தால் ஒரு விதி; கட்சிக்காரனின் கடிதத்தால் நாற்காலி பெற்றவன் கையில் இருந்தால் வேறொரு விதி.

ஆகவேதான், அரசாங்க நியமனம் என்பது உத்தியோகம் தேடும் படித்த வாலிபர்களின் விஷயம் மட்டுமே என்று எண்ணுவது பெருந்தவறு என்கின்றேன். உரத்துக்காகவும் நீர்ப்பாசனத்துக்காகவும் காணி உறுதிக்காகவும் கந்தோர் வாசலில் காத்து நிற்கும் விவசாயியின் விஷயம் அது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதக் கொடுக்கும் கடைக்காரரின் விஷயம் அது.

கடிதம் கேட்டு வந்த தந்தை

முதலில் என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லி விடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் மரக்கறித் தோட்டம் செய்யும் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். மகன் படித்தவன், அரசாங்கப் பரீட்சை ஒன்றில் நல்ல புள்ளி எடுத்திருந்தான், நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பும் வந்திருந்தது. “ஐயா, பெரிய இடத்திலேயிருந்து ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கடிதத்தோடுதான் போகிறார்களாம்” என்று கெஞ்சினார். அவர் கண்ணில் இருந்த அச்சத்தைக் கண்டு நான் இரங்கினேன். கடிதம் வாங்கிக் கொடுத்தேன். மகனுக்கு வேலை கிடைத்தது.

அன்று நான் ஒரு நன்மை செய்துவிட்டதாகவே எண்ணினேன். பின்னர் யோசித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அந்தப் பிள்ளை கடிதம் இல்லாமலே தேறியிருக்கக் கூடியவன். நான் அவனுக்குச் செய்தது உதவியன்று. தன் புள்ளியால் பெற்ற வேலையை யாரோ ஒருவரின் தயவால் பெற்றதாக அவனை வாழ்நாள் முழுதும் எண்ண வைத்துவிட்டேன். கடிதம் இல்லாமல் வந்த வேறொரு தந்தையின் பிள்ளை எந்த ஊர்க்காரன், எந்த மொழிக்காரன் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு நான் இழைத்தது அநியாயம். அன்றிலிருந்து அத்தகைய கடிதம் எதற்கும் நான் துணை போனதில்லை. இன்று பேசுவதற்கு எனக்குள்ள அருகதை அவ்வளவுதான்.

பழைய காவல், பழைய காயம்

நண்பர்களே, இந்த நோய்க்கு மருந்து நம் நாட்டுக்குப் புதிதன்று. சோல்பரி அரசியற்றிட்டத்தின் கீழ் 1940களின் பிற்பகுதியிலேயே மூவரைக் கொண்ட அரசாங்க சேவை ஆணைக்குழு ஒன்று நமக்கு இருந்தது. நியமனம், இடமாற்றம், பணிநீக்கம் ஆகிய அதிகாரங்கள் அதனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. மந்திரியின் கையிலிருந்து உத்தியோகத்தனின் சோற்றைப் பிரித்து வைப்பதே அதன் நோக்கம்.

அந்தக் காவல் இருந்தும் தமிழன் காயப்பட்டான் என்பதை நாம் மறக்கவில்லை. 1956ஆம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்றது. கேகாலைக் கச்சேரியில் கடமையாற்றிய செல்லையா கோடீஸ்வரன் என்ற தமிழ் உத்தியோகத்தர் அந்தப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்ரலில் வரவேண்டிய அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கல்லெறியவில்லை, நீதிமன்றத்தின் படியேறினார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. சிறுபான்மையினருக்கு அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு தந்த பாதுகாப்பை மொழிச் சட்டம் மீறுகின்றது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக வழக்குத் தொடரவே முடியாது என்று கூறி அத்தீர்ப்பைப் புரட்டிற்று. 1969 டிசம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்குத் தொடர முடியும் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்வியை மீண்டும் இங்கேயே அனுப்பிவைத்தது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது.

அதே 1972இல் இன்னொன்றும் மறைந்தது. நியமன அதிகாரம் ஆணைக்குழுவிடமிருந்து பறிக்கப்பட்டு மந்திரிசபையின் கைக்குப் போயிற்று. ஆலோசனை கூற ஒரு சபையும் ஒழுக்காற்று விசாரணைக்கு ஒரு சபையும் மாத்திரமே எஞ்சின. மந்திரிசபையின் நியமன முடிவுகளை நீதிமன்றம் விசாரிக்கவும் தடை போடப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் அதிகாரம் மந்திரிசபையிடமே தங்கிற்று. ஆணைக்குழு அதன் நிழலில் நின்றது.

இதனால் தமிழன் மட்டுமா நலிந்தான்? இல்லை. பாராளுமன்ற உறுப்பினரின் துண்டு இன்றி வேலை இல்லை என்ற நிலை சிங்களக் கிராமங்களையும் எரித்தது. தெற்கிலே இளைஞர் ஆயுதம் ஏந்தி ஆயிரமாயிரமாய் மடிந்த பின்னர், அமைதியின்மையின் காரணங்களை ஆராய்ந்த இளைஞர் ஆணைக்குழு 1990இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அரசாங்க வேலைவாய்ப்பில் அரசியல் தலையீடு இளைஞரின் மனக்கசப்புக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று என அது எடுத்துரைத்தது. தமிழ் இளைஞனும் சிங்கள இளைஞனும் வேறு வேறு வாசல்களில் நின்று ஒரே அநீதியைத்தான் கண்டனர்.

ஏறியும் இறங்கியும் வந்த சட்டம்

2001ஆம் ஆண்டு 17ஆவது திருத்தம் பிறந்தது. அரசியலமைப்புப் பேரவை என்ற ஒரு மன்றத்தை அது நிறுவிற்று. உயர்பதவிக்கு ஒருவரை ஜனாதிபதி தன் விருப்பம்போல் நியமிக்க இயலாது. பேரவையின் அங்கீகாரம் வேண்டும். ஆணைக்குழுக்களுக்கு உறுப்பினரைப் பேரவையே சிபாரிசு செய்ய வேண்டும். இது நல்ல விதை. ஆயினும் 2005இல் உறுப்பினரின் தவணை முடிந்தபோது பேரவை மீண்டும் கூட்டப்படாமல் கிடந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை அகற்றி, அபிப்பிராயம் மட்டும் கூறக்கூடிய பாராளுமன்றக் குழு ஒன்றை வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் பேரவையை மீட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் மீண்டும் அபிப்பிராயக் குழுவாக்கியது. நாடு பொருளாதாரத்தில் விழுந்து மக்கள் வீதிக்கு வந்த பின், 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் பேரவையை மறுபடியும் நிறுத்தியது. இருபத்தோராண்டுக் காலத்தில் ஐந்து முறை! அதிகாரத்தைக் கட்டும் கயிற்றை ஆட்சியாளர் அவிழ்ப்பதும், மக்கள் திரும்பக் கட்டுவதுமாக நடந்த இழுபறி இது.

இன்றைய பேரவையில் பத்துப் பேர். சபாநாயகர் தலைவர். பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் உறுப்பினர். இவர்களோடு மேலும் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்; பாராளுமன்றத்துக்கு வெளியேயிருந்து மூவர். பிரதம நீதியரசர், உயர் நீதிமன்ற நீதியரசர், மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர், சட்டமா அதிபர், கணக்காய்வாளர் தலைமையதிபதி, பொலிஸ்மா அதிபர், மத்திய வங்கி ஆளுநர், பாராளுமன்றச் செயலாளர் நாயகம் போன்ற பதவிகளுக்கு ஜனாதிபதி ஒருவரின் பெயரை அனுப்பலாம். பேரவை அங்கீகரித்தாலன்றி நியமிக்க முடியாது. பதினான்கு நாளுக்கு மேற்பட்ட பதில் நியமனத்துக்கும் அதே விதி. ஒன்பது பேர் கொண்ட அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குரிய பெயர்களையும் பேரவையே சிபாரிசு செய்கின்றது. நம் பிள்ளைகளுக்கு நேர்முகப் பரீட்சை நடத்தும் கைகள் எவை என்பதை நிருணயிப்பது, கடைசியில், இந்தப் பத்துப் பேரே.

நான்கு ஐந்தாகுமா?

இனி, கணக்கறிந்த விவசாயிகளாகிய உங்கள் முன் ஒரு கணக்கை வைக்கின்றேன்.

2023 நவம்பர் இறுதியில் தேசபந்து தென்னகோன் பதில் பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார். இரண்டே வாரம் கழித்து, டிசம்பர் 14ஆம் திகதி, உயர் நீதிமன்றம் ஓர் அடிப்படை உரிமை வழக்கில் தீர்ப்பளித்தது: 2010இல் ஒருவர் கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான விடயத்தில் அவரும் வேறு சில பொலிஸ் அதிகாரிகளும் பொறுப்பாளிகள்; நட்டஈடு செலுத்த வேண்டும்; தேசிய பொலிஸ் ஆணைக்குழு ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க வேண்டும். நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அது. அதன்பின் 2024 பெப்ரவரியில் அவரையே நிரந்தரப் பொலிஸ்மா அதிபராக்கும் யோசனை பேரவைக்கு வந்தது.

பேரவையில் என்ன நடந்தது? அப்போது வெளிவந்த விபரத்தின்படி ஆதரவு நான்கு; எதிர்ப்பு இரண்டு; வாக்களியாது நின்றவர் இருவர். அன்றைய சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன, வாக்களியாத இருவரையும் எதிர்ப்போடு சேர்த்து, நான்குக்கு நான்கு எனக் கொண்டு, தம் அறுதியிடும் வாக்கை ஆதரவாக அளித்தார். ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பெப்ரவரி 26ஆம் திகதி நியமனத்தை வழங்கினார்.

சட்டம் சொல்வதென்ன? அரசியலமைப்பின் 41உ உறுப்புரை கூறுகின்றது: பேரவை ஏகமனதாகத் தீர்மானிக்க முயல வேண்டும், ஏகமனது இல்லையேல், சமூகமளித்த உறுப்பினரில் ஐவருக்குக் குறையாதோர் ஆதரித்தாலன்றி எந்த அங்கீகாரமும் செல்லுபடியாகாது. தலைமை தாங்குபவருக்கு முதல் வாக்கு இல்லை. வாக்குகள் சமமாகும்போது மட்டும் அறுதியிடும் வாக்கு உண்டு.

படிப்படியாகப் பாருங்கள். வாக்களியாதிருத்தல் வாக்காகாது, வாயைத் திறவாதவன் “வேண்டாம்” என்று சொன்னதாக யாரும் எழுத முடியாது. ஆகவே வாக்கு நான்குக்கு இரண்டு. நான்குக்கு இரண்டு சமமன்று. சமமில்லாத இடத்தில் அறுதியிடும் வாக்குப் பிறப்பதேயில்லை. அந்த வாக்கு இல்லையேல் ஆதரவு நான்குதான். நான்கு ஐந்துக்குக் குறைவு. ஆகவே அங்கீகாரம் இல்லை. இதற்குச் சட்டக் கல்லூரியிற் படிக்க வேண்டியதில்லை. சந்தையிலே மிளகு நிறுத்தவர் எவருக்கும் விளங்கும்.

சிலர் கேட்டனர்: “ஆதரவு தெரிவித்தோர் எதிர்த்தோரைவிட இருமடங்கு, பெரும்பான்மை அதுதானே?” என்று. ஐந்து என்ற எண்ணைச் சட்டம் வேண்டுமென்றே வைத்தது. பத்துப் பேரில் பாதியையாவது நம்ப வைக்க இயலாத ஒருவர், முழு நாட்டுக்கும் காவலராக இருக்கத் தக்கவரல்லர் என்பதே அதன் பொருள். எண்ணை வளைத்தவர் அந்தப் பொருளையே உடைத்துவிட்டார்.

பின்னர் நடந்தவை நாடறிந்தவை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை உட்படப் பலர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2024 ஜூலை 24ஆம் திகதி, அவர் பொலிஸ்மா அதிபராகக் கடமையாற்றுவதைத் தடுத்து நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. 2025 ஏப்ரல் 8ஆம் திகதி, 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசாரணைக் குழு அமைக்கப் பாராளுமன்றம் 151 வாக்குகளால் தீர்மானித்தது. குழு விசாரித்துக் குற்றவாளியெனக் கண்டது. ஆகஸ்ட் 5ஆம் திகதி 177 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றேனும் இன்றி, அவர் பதவி நீக்கப்பட்டார். ஒரு கூட்டத்தில் எண்ணத் தவறிய ஒரு வாக்கைத் திருத்த நாட்டுக்குப் பதினேழு மாதம் பிடித்தது. வாசலில் செய்ய வேண்டிய பரிசோதனையை வீட்டுக்குள் புகவிட்ட பின் செய்தால் அதற்கு இத்தனை விலை.

இந்த ஊருக்கு இதில் என்ன?

பொலிஸ்மா அதிபர் கொழும்பிலிருக்கின்றார். தெல்தெனியவுக்கு என்ன என்று கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள். 2018 மார்ச்சில் இந்த வட்டாரத்தில், தெல்தெனியவிலும் திகனவிலும், நம் முஸ்லிம் சகோதரரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததை நாம் கண்ணாற் கண்டோம். மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அந்த நாட்களில் ஒவ்வொரு கடைக்காரரும் கேட்ட ஒரே கேள்வி: பொலிஸார் வருவார்களா, வந்தால் யார் பக்கம் நிற்பார்கள்? சாதாரண பொலிஸ்காரர் தலைமையைப் பார்த்தே நடப்பார். தலைவர் சட்டத்தால் வந்தவரானால், கீழுள்ளவருக்கும் சட்டம் நினைவிருக்கும்.

இங்கே உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேரவை அங்கீகரித்தால் மட்டும் தகுதி வந்துவிடாது. 2016இல் பேரவை மூலம் தெரிவான பொலிஸ்மா அதிபர் பூஜித ஜயசுந்தர. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடிக்கும் முன்பே எச்சரிக்கை வந்திருந்தும் தக்க நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவரை 7½ கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி விதித்தது. ஆகவே முறை சரியாக இருந்தாலும் ஆள் தவறலாம். ஆயினும் முறை தவறினால், ஆள் தவறு என்று கேட்கும் உரிமையையே இழந்துவிடுவோம். முறை என்பது விதைநெல்லைப் பொறுக்கும் சுளகு. சுளகு மழையைத் தராது. ஆனால் பதரை விதைத்தவனுக்கு மழையாலும் பயனில்லை.

அயல்நாட்டுப் பாடம்

இந்தியாவில் 2010இல் மத்திய கண்காணிப்பு ஆணையாளர் பதவிக்கு பி.ஜே. தோமஸ் நியமிக்கப்பட்டார். ஊழலைக் கண்காணிக்கும் பதவி அது. தெரிவுக் குழுவில் மூவர்: பிரதமர் மன்மோகன் சிங், உள்துறை அமைச்சர் சிதம்பரம், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ். சுஷ்மா எதிர்த்தார், கேரளத்துப் பாமொலின் வழக்கில் தோமஸ் மீது குற்றப்பத்திரம் நிலுவையில் இருந்தது. மற்ற இருவரின் ஆதரவால் நியமனம் நடந்தது. 2011 மார்ச் 3ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. நீதிமன்றம் சொன்னதன் சாரம்: எதிர்க்கட்சித் தலைவருக்கு இரத்து அதிகாரம் இல்லை, ஏகமனது கட்டாயமுமில்லை, ஆனால் முரண்படுபவரும் அதை மீறுபவரும் காரணம் எழுத வேண்டும், அந்த ஆள் நல்லவரா என்பதோடு, அவர் அமர்வதால் அந்தப் பதவியின் நேர்மை நிலைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும், அதற்குத் தேவையான விடயத்தைக் குழு கவனியாது விட்டதால் நியமனம் செல்லாது. இதைவிடத் தெளிவாகத் “தகுதி” என்ற சொல்லுக்குப் பொருள் கூற முடியுமா? தகுதி ஆளுக்கு மட்டும் உரியதன்று, நாற்காலிக்கும் உரியது.

இது தமிழனுக்குப் புதிய போதனையுமன்று. திருவள்ளுவர் ஆளைத் தெரிவதற்கு ஓரதிகாரமும், தெரிந்தபின் வினையில் ஏவுவதற்கு வேறோரதிகாரமும் வகுத்தார். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் எடுக்கும் விதிகளை வரைந்தது: வயது 35க்கு மேல், 70க்குள், சொந்த நிலம் வேண்டும், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் ஆகார். அது ஒரு பிராமணக் கிராமத்துச் சபை. எல்லோருக்கும் இடமளித்த மக்களாட்சி என்று பொய்ப்பெருமை பேச வேண்டாம். ஆயினும் கணக்குக் காட்டாதவனை உள்ளே விடாதே என்ற விதியைக் கல்லிலே வெட்டி எல்லோரும் காண நிறுத்தினார்களே, அந்தத் துணிவை நாம் கற்கலாம்.

தகுதி என்றால் எது?

தகுதி என்ற சொல்லே தமிழனை வெளியே தள்ளப் பயன்பட்ட காலமும் உண்டு என்று சிலர் எச்சரிப்பர். உண்மை. ஆகவே சொல்லைத் தெளிவாக்குவோம். ஒரு பதவிக்குரிய தகுதி, அந்தப் பதவி யாருக்குச் சேவை செய்கின்றதோ அவர்களைக் கொண்டே அளக்கப்பட வேண்டும். தமிழர் வாழும் மலைநாட்டுப் பிரதேசத்தில் தமிழ் ஒரு சொல்லும் அறியாத உத்தியோகத்தர், எத்தனை பட்டம் பெற்றவராயினும், அந்த அளவுக்குத் தகுதி குறைந்தவரே. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு ஜூலை முதல் சேவையிற் சேர்வோர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது.

அப்படியானால் கோடீஸ்வரனிடம் சிங்களம் கேட்டது சரிதானே என்று யாரும் வாதிக்க வேண்டாம். அன்று கேட்டது ஒருவழிப் பாதை. தமிழனே படிக்க வேண்டும், மற்றவன் படிக்க வேண்டியதில்லை. தமிழ் மக்களுக்குத் தமிழில் சேவை இல்லை. இன்று கேட்பது இருவழிப் பாதை. சிங்களவரும் தமிழரும் தாம் சேவிக்கும் மக்களின் மொழியை அறிய வேண்டும். முன்னையது தண்டனை, பின்னையது தகுதி. முன்னையதை எதிர்த்த நாமே பின்னையதை நிறைவேற்று என்று கேட்கும் முழு உரிமையும் உடையவர்கள்.

வேண்டுவன

நாம் கேட்பவை ஐந்து. ஒன்று: ஒவ்வோர் உயர்பதவிக்கும் பேரவை கொள்ளும் அளவுகோல் மக்கள் அறிய வெளியிடப்படல் வேண்டும். இரண்டு: பெயர் குறிப்பிடப்பட்டவர் மீதுள்ள நீதிமன்றத் தீர்ப்புகளும் நிலுவை விசாரணைகளும் வாக்கெடுப்புக்கு முன் உறுப்பினர் கையிற் கிடைக்க வேண்டும். மூன்று: ஆதரவு, எதிர்ப்பு, வாக்களியாமை மூன்றும் தனித்தனியே பதியப்பட வேண்டும்; மறுக்கும்போதும் ஏற்கும்போதும் காரணம் எழுத வேண்டும். நான்கு: ஓய்வுபெறும் நாள் முன்கூட்டியே தெரிந்த பதவிகளுக்குத் தெரிவு முன்கூட்டியே தொடங்க வேண்டும். 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் தலைமையதிபதி ஓய்வுபெற்றார். அவ்வாண்டு முழுவதும் நிரந்தர நியமனம் இழுபட்டது. அரசாங்கத்தின் கணக்கைப் பார்ப்பவரின் நாற்காலி வெறுமையாயிருப்பது யாருக்கு இலாபம்? அளவுகோல் வெளியே இருந்தால், தவறு பெயர் அனுப்பியவரிடமா, மறுத்தவரிடமா என்று மக்களே தீர்ப்பர். ஐந்து: பதில் நியமனத்தைப் பின்கதவாக்கி, பதவியில் இருத்திவிட்டு அங்கீகாரம் கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஆனால், தோழர்களே, கேட்பதோடு நில்லாமல் நாம் கொடுக்கவும் வேண்டும். நம் பிரதிநிதிகள் பேரவையிலோ மந்திரிசபைக்கு அருகிலோ அமரும் நாள் வந்தால், “எங்களவர்” என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை ஆதரிக்கக் கூடாது. நம்மவர் தகுதியோடு வாசலில் நிற்கும்போது அவரைத் தள்ளினால் போராடுவோம். தகுதியின்றி நிற்கும்போது அவருக்காகக் கையுயர்த்த மாட்டோம். சிறுபான்மைக்கு எண்ணிக்கை பலமில்லை. நமக்குள்ள ஒரே கோட்டை விதி. அதை நாமே ஒரு தயவுக்காக ஓட்டையாக்கினால், நாளை அந்த ஓட்டை வழியாகப் பெரும்பான்மையின் யானை புகும்.

உங்கள் கையிலும் ஆயுதம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. நேர்முகப் பரீட்சையில் உங்கள் பிள்ளைக்குக் கிடைத்த புள்ளி எத்தனை, புள்ளித் திட்டம் எது என்று எழுத்தில் கேளுங்கள். சேவையிலுள்ளோர் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவினால் பாதிக்கப்பட்டால் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கின்றது. சமத்துவம் மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் இருக்கின்றது. ஆனால் ஒரு மாதத்துக்குள் செல்ல வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது. என்னிடம் வருவோரிற் பலர் இரண்டாம் மாதத்திலேதான் வருகின்றனர். கடிதம் தேடி அலைந்த நாட்களில் உரிமையின் நாள் கடந்துவிடுகின்றது.

அந்த மரக்கறித் தோட்டக்காரரை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். இளைய மகளும் பரீட்சை எழுதியிருக்கின்றாளாம். “இம்முறை கடிதம் வேண்டாம் ஐயா; புள்ளித் திட்டத்தைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தால் போதும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் அதில் தமிழிலேயே கையொப்பமிட்டார்.